ரெட் பேபி என்று விற்ற மீன்

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அங்கே சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. உன் மேல் கோபமாக இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொரு மீன்களை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். அது என்ன மீன், என்ன தின்னும் என்று ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைத்தாயா?

முப்பது வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நீ. மல்லசமுத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி எந்தக் கிழமை போட்டது என்று பதிவேட்டில் ஒரு கட்டம் விடாமல் எழுதினவள். எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவில்கூட உன் கையெழுத்தில் 'சர்க்கரை' என்று ஒட்டியிருக்கும். மீன்தொட்டியில் மட்டும் ஒன்றும் இல்லை. நான் அந்தத் தொட்டியை நான்கு பக்கமும் தடவிப் பார்த்தேன், அடியில்கூடக் கையை விட்டுப் பார்த்தேன்.

நீ ஓய்வு பெற்ற மறு மாதமே தொட்டி வாங்கியபோது நாங்கள் சிரித்தோம். வேலையில் இருந்த நாளெல்லாம் கம்பூசியா மீனை வாளியில் சுமந்துபோய், கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணறு கிணறாக விட்டவள், இப்போது வீட்டுக்குள் விட்டுக்கொண்டாள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். நீ கோபப்படவில்லை. "இது வேற சாதிங்க மாப்பிள்ளை. இதுங்க மகாராஜா" என்றாய். என்ன சாதி என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் அந்த மார்கழிக் காலை. காபி டம்ளரைக் கையில் வைத்தபடியே சாய்ந்துவிட்டாய். ஊர் முழுக்க 'நர்சம்மா நர்சம்மா' என்று அழுதது. அந்தக் கூட்டத்தில் மீனை யார் நினைத்தார்கள்?

கருமாதி முடிந்த மறுநாள் வீட்டைக் கழுவிவிட்டேன். பாத்ரூமுக்குப் பின்னால் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் இருந்தது. வாயில் பழைய கொசுவலைத் துணி கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் பாசித் தண்ணீர், உள்ளே கொசுப்புழு நெளிகிறது. ஊரில் ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் எட்டிப் பார்த்து, கவிழ்த்துக் கழுவு என்று சொன்ன நர்சம்மா வீட்டில் கொசுப்புழுவா? யாராவது பார்த்தால் உன் பேர் கெட்டுப்போகுமே என்று அவசரமாகக் கவிழ்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் காயவைத்தேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

தொட்டியை ஓமலூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தண்ணீரைப் பாதி இறைத்து, மீன்களைப் பாலிதீன் கவரில் போட்டு, வழியெல்லாம் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பத்து மீன் சிவப்பு. பச்சரிசி இரண்டைச் சேர்த்து வைத்த நீளம், அவ்வளவுதான். உடம்பில் குறுக்கே சிவப்புப் பட்டைகள், நடுவில் மெல்லிய நீலம். பதினோராவது மட்டும் சாம்பல் நிறத்தில், அழுக்குத் தண்ணீரில் நனைத்த பஞ்சு மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் அவை எதையும் தின்னவில்லை. கடையில் விற்கிற குருணைத் தீனியைப் போட்டேன். மூக்குக்கு நேராக விழும். ஒரு பார்வை பார்க்கும். திரும்பிக்கொள்ளும். "நாம போடறது தீனின்னே அதுங்களுக்குத் தெரீல பாரு" என்றார் என் வீட்டுக்காரர். பதினெட்டாம் நாள் ஒன்று செத்து மிதந்தது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது.

ஓமலூர்க் கடைக்கு ஒரு மீனைப் பாட்டிலில் போட்டு எடுத்துப்போனேன். கடைக்காரர் பாட்டிலைக் கையில்கூட வாங்கவில்லை. "இது ரெட் டெட்ராக் குஞ்சுங்க. இந்தத் தீனியப் போடுங்க, மூணு மாசத்துல விரல் நீளம் வந்துரும்" என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார். அதையும் அவை திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு மீன் போயிற்று.

நீ வாங்கின கடையையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. உன் அலமாரியில் இருந்த ஒரு கவரில் கடையின் பெயர் அச்சாகியிருந்தது. ஒரு சனிக்கிழமை விடுப்பு போட்டுச் சேலம் போனேன். அங்கே ஒரு தொட்டியில் அதே சிவப்பு மீன்கள் இருந்தன. மேலே ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய அட்டை: ரெட் பேபி.

"எதோட பேபிங்க?" என்று கேட்டேன்.

"பெரிய ரெட் மீனோட பேபிங்க" என்றார் கடைக்காரர். அவர் கண் செல்போனில் இருந்தது.

"எந்தப் பெரிய ரெட் மீன்?"

"சிங்கப்பூர் மீனுங்க. அங்கிருந்து பேபியாத்தான் வரும்."

என்னிடம் இருந்த சாம்பல் நிற மீனின் படத்தைக் காட்டினேன். அப்போதுதான் நிமிர்ந்தார். "அது கலந்து வந்த வேஸ்ட் மீனுங்க. அத மொதல்ல தனியா எடுத்துப் போட்டுருங்க. மத்ததெல்லாம் தானா சாப்பிடும்" என்றார்.

அம்மா, எனக்கு இ-சேவை மையத்தில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பேரைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. ரேஷன் கார்டில் முத்தாயி, ஆதாரில் முத்தாய், பட்டாவில் முத்தம்மாள் என்று மூன்று பேரோடு வருகிற கிழவியிடம், இது மூன்றும் நீங்கள்தானா என்று கேட்பவள் நான். விரலளவுகூட இல்லாத ஒரு மீனுக்கு உலகத்தில் யாரிடமும் ஒழுங்கான ஒரு பேர் இல்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

செல்போனில் படம் எடுத்துக் காட்டினால் பேர் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறது என்றார்கள். காட்டினேன். முதல் தடவை ஃபைட்டர் மீன் என்றது. இரண்டாம் தடவை தங்கமீன். மூன்றாம் தடவை வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு எடுத்தேன், மிளகாய் என்றது.

மீன் வளர்ப்போர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து, சாம்பல் மீனும் தெரிகிற படத்தைப் போட்டேன். இரண்டு நாள் சண்டை நடந்தது. ஒருவர் குட்டைச் சிக்லிட் என்றார். இன்னொருவர் தேன் கௌராமி, வயிறு காய்ந்ததால் ஒல்லியாகத் தெரிகிறது என்றார். மூன்றாமவர், இதுகூடத் தெரியாதவர்களெல்லாம் ஏன் மீன் வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன், குழுவை விட்டே போய்விட்டார். நான்காமவர் விலைக்குத் தருவீர்களா என்றார். சிக்லிட் என்று நம்பி, உலர்த்திய புழு வாங்கிப் போட்டேன். கௌராமி என்று நம்பி, முட்டை மஞ்சள் கருவைக் கரைத்துவிட்டேன். தண்ணீர் கெட்டு இன்னும் நான்கு செத்தன. ஒவ்வொரு தப்பான பேருக்கும் ஒரு மீனாவது போயிற்று.

அந்தச் சாம்பல் மீனைச் சிவப்பு மீன்கள் விரட்டிக்கொண்டே இருந்தன. கடைக்காரர் சொன்னது சரிதான் போல என்று அதைப் பிடித்து ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிடலாம் என்று எண்ணம். அன்றைக்கு அந்த வீடு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள்.

ஏனென்றால் அன்று சாயங்காலம்தான் குழுவிலிருந்து ஜமீலா என்று ஒரு அம்மா தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். "படத்தை வச்சு யாரும் சொல்ல முடியாது. சாகறதுக்குள்ள நேர்ல கொண்டு வாங்க. நிறமில்லாததையும் கொண்டு வாங்க."

சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வீடு. மொட்டை மாடி முழுக்கத் தொட்டி. உன்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலே பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தேன்.

"இது எத்தன நாளா உங்ககிட்ட இருக்கு?"

"ரெண்டு மாசங்க. அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு வருஷமாவது இருந்திருக்கும்."

"வளந்துச்சா?"

"இல்லீங்க."

"வளராது. இது குஞ்சே இல்லம்மா. வயசுக்கு வந்த ஆம்பள. இதுக்கு உருவமே இவ்வளவுதான்." பென்சில் முனையால் கண்ணாடியில் காட்டினார். "பட்டைய எண்ணுங்க. ஏழு இருக்கா? வயித்துத் துடுப்போட முன்ஓரம் வெள்ளையா இருக்கா? இதே இனத்துல பெருசு ஒண்ணு உண்டு. அது விரல் நீளம் வரும், நேரத்துக்கு ஒரு நிறம் காட்டும். இது சின்னது. ஸ்கார்லெட் பேடிஸ்னு பேரு. சிங்கப்பூரும் இல்ல ஒண்ணும் இல்ல. நம்ம அஸ்ஸாம், வடக்கு வங்காளம், அங்க ஓடைல இருக்கறது. கொல்கத்தா வழியா நமக்கு வருது."

பேடிஸ். அந்தச் சொல் காதில் எங்கேயோ இடித்தது. அப்போது பிடிபடவில்லை.

"அப்ப இந்தச் சாம்பல் மீன்?"

ஜமீலாம்மா சிரித்தார். "அதான் பொண்ணு. நிறமில்லாததை யார் வாங்கறான்னு பிடிக்கிற இடத்துலயே கழிச்சிருவாங்க. ஆயிரம் சிவப்புல ஒண்ணு இப்படித் தப்பி வரும். உங்கம்மாவுக்கு எப்படிக் கெடச்சுதோ."

ஊறுகாய் பாட்டிலை எடுத்து மறுபடி மடியில் வைத்து, மூடியைத் தளர்த்திவிட்டேன்.

"இது உயிரோட அசையறதத்தான் தின்னும். குருணையப் பாத்தா கல்லுனு நினைச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு வாளியிலிருந்து துளித் தண்ணீரை எடுத்து விட்டார். தூசு மாதிரி எதுவோ அதில் துள்ளியது. என் சிவப்பு மீன் முதல்முறையாக உடம்பை வளைத்தது. குறிபார்த்தது. சடக்கென்று பாய்ந்தது. இரண்டு மாதமாக நான் பார்க்காத வேகம்.

"என்னங்க அது?"

"கொசுப்புழு. முட்டையிலிருந்து வந்த ரெண்டாம் நாள் புழு. பெருசானா இது வாய்க்குள்ள போகாது." என்னைப் பார்த்தார். "உங்கம்மா என்ன போட்டாங்க? அவங்க வீட்ல எங்கயாவது தண்ணி பிடிச்சு வச்சிருந்தாங்களா?"

"நீல டிரம் ஒண்ணு இருந்துச்சு. வலை கட்டியிருந்துச்சு. நான்தான் கவுத்துட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. "ரெண்டு நாள் திறந்து வச்சா கொசு வந்து முட்டை வுட்டுட்டுப் போயிரும். அப்புறம் கட்டிட்டா வெளிய ஒண்ணும் பறக்காது. சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில்தான் அது பிடிபட்டது. போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? எதிரில் இருபது பேர் வரிசை. ஒரு கையால் கைரேகை இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டு, உன் குரலை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நீ ஏதோ சொல்லிக்கொண்டே போனாய், நான் 'ம்ம்' கொட்டினேன். கடைசியில் "பேடிஸ் சாமி, பேடிஸ்" என்றாய். "பேதியா? மாத்திரை போட்டயா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "போட்டுக்கறன் சாமி. நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாய்.

அன்றைக்கு என்னவெல்லாம் சொன்னாய் அம்மா? டிரம்மைப் பற்றிச் சொன்னாயா? பெண் மீன் கிடைத்ததைச் சொன்னாயா? நீ சொல்லவே இல்லை என்று ஏழு மாதமாக உன் மேல் கோபப்படுகிறேன். சொல்லவில்லை என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஆனாலும் உன்னை முழுக்க விட மாட்டேன். மறுபடி கூப்பிட்டிருக்கலாம் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்து உட்காரவைத்து, பின்பக்கம் கொசு வளர்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? வெட்கம். எனக்குத் தெரியும். ஊருக்கு எல்லாம் வாய் ஓயாமல் சொன்னவள், பெற்ற மகளிடம்கூட உன் வீட்டு டிரம்மைக் காட்ட மாட்டாய்.

அந்த வெட்கம் எப்படிப்பட்டது என்று எனக்கே தெரிந்துபோனது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் நானும் ஒரு டிரம் வைத்தேன். மூன்றாம் வாரம் கொசுப்புழு ஒழிப்புக்கு வருகிற பெண் டார்ச் லைட்டோடு வந்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, ஆபீஸ் வேலைக்குப் போறவங்க நீங்களே இப்படி வளத்தா எப்படிங்க?"

"மீனுக்குங்க. வலை கட்டித்தான் வெச்சிருக்கறன்."

"எல்லாரும் ஏதோ ஒண்ணச் சொல்றாங்க. நேத்து ஒருத்தரு கோழிக்குன்னாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் டிரம்மில் மருந்தை ஊற்றிவிட்டாள். சுவரில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். மருந்து கலந்த புழுவைப் போட முடியாது. அந்த வாரம் முழுக்க ஓமலூருக்கும் ஜமீலாம்மா வீட்டுக்கும் பஸ்ஸில் அலைந்தேன், சொட்டுத் தண்ணீருக்காக. உன் டிரம்மை நான் கவிழ்த்தேன், என் டிரம்மில் அவள் ஊற்றினாள். யாரைத் திட்டுவது?

அடுத்த முறை அவள் வந்தபோது கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் கண் முன்னாலேயே ஒரு சொட்டு விட்டேன். சிவப்பு மீன் பாய்ந்ததைப் பார்த்துக் குனிந்து கண்ணாடியோடு முகத்தை ஒட்டினாள். "இத்தனூண்டு இருந்துக்கிட்டு எத்தன ஏத்தம் பாருங்க" என்றாள். இப்போது வாராவாரம் வந்து வலையின் முடிச்சை இழுத்துப் பார்க்கிறாள். முடிச்சு தளர்ந்திருந்தால் மருந்துதான் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நியாயம்தான். உன்னிடம் வேலை கற்றவள் மாதிரியே பேசுகிறாள்.

போன வாரம் மறுபடி அந்தச் சேலம் கடைக்குப் போனேன். மல்லசமுத்திரத்து நர்சம்மாவின் மகள் என்றும், நீ போய்விட்டதையும் சொன்னேன். கடைக்காரர் செல்போனைக் கீழே வைத்தார்.

"அந்தம்மாவுங்களா? போயிட்டாங்களா?" என்று ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். பிறகு, "கலர் இல்லாத மீனு வந்தா எடுத்து வையுங்கன்னு மூணு தடவ வந்து நின்னாங்க. எங்களுக்குச் சிரிப்புங்க. மொத்த வியாபாரி அனுப்பின லிஸ்டக் கண்ணாடி போட்டுப் படிச்சவங்களே அவங்கதான். இது பேபி இல்ல சாமி, பேடிஸ், மாத்தி எழுதுன்னாங்க" என்றார்.

"அப்புறம் ஏனுங்க மாத்தல?"

"எங்கீங்க நேரம்? பேபின்னா சனங்க விரும்பி வாங்கறாங்க."

அம்மா, எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடையில் இருந்த தொட்டி அத்தனையும் உடைந்திருக்க வேண்டும். ஏழு மீன் செத்தது, அவர் நேரமில்லாமல் விட்ட இரண்டு எழுத்துக்காக. கல்லாவில் இருந்த ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன். அந்த அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்: 'ஸ்கார்லெட் பேடிஸ். இது குஞ்சு அல்ல. இதற்கு மேல் வளராது. உயிருள்ள இரை மட்டுமே தின்னும்.' நானே தொட்டிமேல் மாட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு தம்பதி அதைப் படித்துவிட்டு, வேண்டாம் என்று வேறு தொட்டிக்குப் போனார்கள். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு இந்த ஏழு மாதத்தில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

இப்போது நான்கு மீன் இருக்கின்றன. மூன்று சிவப்பு, அந்தச் சாம்பல் பெண். சித்திரை வெயிலில் பாட்டிலில் ஐஸ் போட்டு மிதக்கவிட்டுக் காப்பாற்றினேன். பாசிச் செடி அடர்த்தியாக வைத்ததிலிருந்து பெண்ணுக்கு ஒளிய இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு நாளாக அதன் வயிறு கொஞ்சம் உப்பலாகத் தெரிகிறது. முட்டையா, நான் அதிகமாகப் போட்டுவிட்டேனா? ஜமீலாம்மா பொறுத்துப் பார் என்கிறார். நீ இருந்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாய். எத்தனை கர்ப்பிணிகளின் வயிற்றைப் பார்த்தவள்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அது முட்டையானால், எந்தச் செடியடியில், எந்தக் கிழமை, எத்தனை என்று உன் பதிவேடு மாதிரியே கட்டம் போட்டு எழுதிவைப்பேன். டிரம் எங்கே இருக்கிறது, வலையை எப்போது கட்டுவது என்பதையும் எழுதுவேன். எனக்குப் பிறகு யார் இந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றாலும், இது என்ன மீன் என்று ஊர் ஊராக அலையவிட மாட்டேன். இது சத்தியம்.

உன் பேச்சுக்கு 'ம்ம்' மட்டும் கொட்டிய,
உன் மூத்த மகள்
சுமதி